ஆம்புலன்ஸ் வந்து சரிசெய்த பிறகு: கூடவே போவதா, வீட்டிலேயே இருப்பதா?

மலேசியாவின் அவசர எண்ணான 999-க்கு அழைத்தாகிவிட்டது. ஆம்புலன்ஸும் வந்துவிட்டது. வந்தவர்கள் ஊசியோ ஆவியோ கொடுத்ததில், பேச்சில்லாமல் கிடந்தவர் எழுந்து உட்கார்ந்து, "எனக்கு ஒன்னுமில்ல, நீங்க கிளம்புங்க" என்கிறார். ஸ்ட்ரெச்சர் வாசலில் நிற்கிறது. வந்தவர்கள் நம் முகத்தைப் பார்க்கிறார்கள். கோலாலம்பூரில் நம் குடும்பங்களில் இதற்குப் பிறகு நடப்பது பெரும்பாலும் ஒரே மாதிரிதான். ஒருவர் சிங்கப்பூரில் வேலை செய்யும் மூத்த மகனுக்குப் போன் போடுவார். இன்னொருவர் "அங்க போனா விடிய விடிய உட்காரணும்" என்பார். கடைசியில் யார் குரல் பெரிதோ அவர் சொன்னது நடக்கும்.

அந்தப் பத்து நிமிடத்தில் எடுக்கும் முடிவைக் கொஞ்சம் நிதானமாக எடுக்க வழி உண்டு. நான் டாக்டர் இல்லை. தைப்பூச முதலுதவிக் கூடாரங்களில் பல ஆண்டுகளாகத் தொண்டு செய்கிறேன், வீட்டிலும் சர்க்கரை நோயாளிகள் உண்டு. அந்த அனுபவத்தையும், இத்துறையில் உள்ளவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் வைத்துத்தான் எழுதுகிறேன்.

நம் முன்னால் இருக்கும் வழிகள் நான்கு. அதே ஆம்புலன்ஸில் அரசாங்க மருத்துவமனைக்குப் போகலாம். 'என் சொந்தப் பொறுப்பில் மறுக்கிறேன்' என்ற ஏ.ஓ.ஆர். (At Own Risk) தாளில் கையெழுத்துப் போட்டு வீட்டிலேயே தங்கலாம். ஆம்புலன்ஸை அனுப்பிவிட்டு நம் காரிலோ கிராப் வாடகைக் காரிலோ விருப்பமான மருத்துவமனைக்குப் போகலாம். இரவை எப்படியோ கடத்தி, காலையில் கிளினிக் கெசிஹாத்தான் எனும் அரசாங்கக் கிளினிக்குக்கோ பக்கத்துத் தனியார் கிளினிக்குக்கோ போகலாம்.

வெளிநாட்டுச் செய்திகளைப் படித்துவிட்டு, "இங்கிலாந்தில் வீட்டிலேயே பார்த்துவிட்டு விட்டுவிடுகிறார்களே" என்று சிலர் கேட்கிறார்கள். உண்மைதான். அங்கே ஆம்புலன்ஸ் போய்ப் பார்க்கும் நோயாளிகளில் கணிசமான பங்கினர் மருத்துவமனைக்கு ஏற்றப்படாமல் வீட்டிலேயே விடப்படுகிறார்கள். ஆனால் அங்கே அந்த முடிவை எடுப்பது ஆம்புலன்ஸ்காரர். அதற்கான பயிற்சி அவருக்கு இருக்கிறது, குடும்ப டாக்டரிடம் பொறுப்பை ஒப்படைக்கும் ஏற்பாடும் இருக்கிறது. அமெரிக்காவில் முதியோருக்கான மெடிகேர் காப்புறுதி, மருத்துவமனைக்கு ஏற்றிச் சென்றால் மட்டுமே ஆம்புலன்ஸுக்குப் பணம் கொடுத்து வந்தது. வீட்டிலேயே சிகிச்சை கொடுத்தாலும் பணம் தரும் ஒரு சோதனைத் திட்டத்தை 2021-இல் தொடங்கி, 2023 இறுதியில் நிறுத்திவிட்டார்கள். நம் நாட்டு நடைமுறை இன்னும் ஏற்றிச் செல்வதையே அடிப்படையாகக் கொண்டது. இங்கே வீட்டில் தங்கினால் பெரும்பாலும் அதற்குப் பொருள், "அவர்கள் விட்டார்கள்" என்பதல்ல, "நாம் மறுத்தோம்" என்பதுதான். அதற்குப் பிறகு கவனித்துக்கொள்ளும் வேலை முழுவதும் குடும்பத்தின் தலையில் விழுகிறது. அதனால்தான் எந்த நிலைமையில் எந்த வழி என்று வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்கிறேன்.

இரண்டு கடிகாரம்

நாம் எல்லோரும் செய்வது, "இப்ப எப்படி இருக்கார்?" என்று பார்த்து முடிவெடுப்பது. ஆம்புலன்ஸ் வந்து போன பிறகு அந்தக் கேள்வியால் பயன் குறைவு. மருந்து கொடுத்திருக்கிறார்கள், அதனால் நன்றாகத்தான் இருப்பார். கேட்க வேண்டியவை இரண்டு: கொடுத்த மருந்து எத்தனை நேரம் உடம்பில் நிற்கும்? அவரைச் சாய்த்த காரணம் எத்தனை நேரம் நிற்கும்? மருந்து முதலில் தீர்ந்துபோகும் என்றால், அவர் மருத்துவமனையில்தான் இருக்க வேண்டும். காரணம் முதலில் தீர்ந்துவிடும் என்றால் வீட்டில் இருப்பதைப் பற்றிப் பேசலாம். எனக்குத் தெரிந்தவரை இதைவிட நல்ல அளவுகோல் இல்லை.

இது நன்றாகப் புரிவது சர்க்கரை இறங்கி மயங்குபவர்களிடம். நம்மவர்களிடம் இது அதிகம். 2019-இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில் நாட்டில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது, இந்தியர்களிடம் மட்டும் எடுத்துப் பார்த்தால் அது 31.4 விழுக்காடு. ஆகவே ஆம்புலன்ஸ் நம் வீட்டுக்கு வந்தால் அது சர்க்கரைக்காக வந்திருக்க வாய்ப்பு நிறையவே உண்டு.

செந்தூலில் என் மாமா வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். புரட்டாசி சனிக்கிழமை. மாமா விரதம். காலையில் வழக்கம்போல் டயாமைக்ரான் என்ற சர்க்கரை நோய் மாத்திரையைப் போட்டுவிட்டார், மதியம் பிரசாதம் கொஞ்சம் சாப்பிட்டதோடு சரி, இரவு எதுவும் சாப்பிடவில்லை. ஒன்பது மணிக்குச் சட்டையெல்லாம் நனைந்து வேர்த்து, அத்தை கேட்பதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்ல ஆரம்பித்து, சோபாவிலேயே சாய்ந்துவிட்டார். ஆம்புலன்ஸில் வந்த எம்.ஏ. (மெடிக்கல் அசிஸ்டன்ட், மருத்துவ உதவியாளர்) ஒரு தமிழ்ப் பையன். தோட்டத்தில் வளர்ந்த மாமா தலைமுறைக்கு அவர் இன்னும் 'டிரெசர்'தான். விரலில் குத்திச் சர்க்கரை அளவைப் பார்த்தார்: 2.1 (mmol/L கணக்கில்; 4-க்குக் கீழே போனாலே குறைவு). கை நரம்பில் ஊசி போட்டு, பெரிய குழாயில் இருந்த கெட்டியான சர்க்கரைத் தண்ணீரை மெல்ல மெல்லத் தள்ளினார். பாதிக் குழாய் இறங்கும்போதே மாமா கண் திறந்து, "யாருப்பா நீ?" என்றார். மறுபடி குத்தினால் 9.8. வீட்டில் எல்லோருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அத்தை மைலோ என்ற இனிப்புச் சாக்லேட் பானம் கலக்கப் போய்விட்டார். மாமா, "சரிப்பா, ரொம்ப நன்றி, வீட்டுக்குப் போங்க, சாப்பிட்டீங்களா?" என்று வழியனுப்பவே தொடங்கிவிட்டார்.

அந்தப் பையன் கிளம்பவில்லை. மேசையில் இருந்த மாத்திரை அட்டையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "அங்கிள், இதை எப்பப் போட்டீங்க?" "காலையில." "அப்ப நாளைக் காலை வரைக்கும் இது உள்ள வேலை செஞ்சிக்கிட்டே இருக்கும் அங்கிள். நான் குடுத்தது ஒரு மணி நேரம் தாங்கினா பெரிசு." மாமா போனார், போக வைத்தார்கள். இரவு ஒரு மணிக்கு அவசரப் பிரிவில் மறுபடி குத்திப் பார்த்தபோது 3.2. உடனே டிரிப் ஏற்றினார்கள். வீட்டில் இருந்திருந்தால் அந்த நேரத்தில் எல்லோரும் தூங்கியிருப்போம், மாமாவும் தூங்குகிறார் என்று நினைத்திருப்போம்.

நான் சொல்லும் கணக்கு இதுதான். டயாமைக்ரான், டவோனில் போன்ற சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரைகள் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைத்துக்கொண்டே இருக்கும். சாப்பிட்டோமா இல்லையா என்று அவை பார்ப்பதில்லை. அவற்றின் வேலை ஒரு நாள் வரை நீடிக்கும், சிறுநீரகம் பலவீனமான முதியவருக்கு இன்னும் கூடுதலாகவே. டவோனில் இதில் இன்னும் பொல்லாதது. இந்த மாத்திரைகளில் ஒருவர் மயங்கி, ஊசியில் எழுந்துவிட்டால், என்னைப் பொறுத்தவரை பேச்சே இல்லை, ஆம்புலன்ஸில் ஏற வேண்டும். இரவில் போடும் நீண்டநேர இன்சுலினை அளவு தவறி அதிகமாகப் போட்டுக்கொண்டவருக்கும் அப்படியே. குடித்திருந்தவருக்கும் அப்படியே, ஏனென்றால் சர்க்கரை இறங்கும்போது ஈரல்தான் சேமிப்பிலிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டும், மது உள்ளே இருக்கும்போது அது அந்த வேலையைச் சரியாகச் செய்யாது. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை நோய் மாத்திரையை மட்டும் போடுபவருக்குச் சர்க்கரை இவ்வளவு இறங்குவது அபூர்வம். இறங்கிவிட்டது என்றால் வேறு ஏதோ இருக்கிறது, அதைக் கண்டுபிடிக்கவே போக வேண்டும்.

அப்படியானால் யார் வீட்டில் இருக்கலாம்? சாப்பாட்டுக்கு முன் போடும் குறுகியநேர இன்சுலினைப் போட்டுவிட்டு, வேலை மும்முரத்தில் சாப்பிட மறந்த ஒரு இளைஞரை எடுத்துக்கொள்ளுங்கள். காரணம் தெரிகிறது. அந்த இன்சுலின் சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். அவர் முழுத் தெளிவோடு பேசுகிறார், சோறோ ரொட்டியோ வயிறார சாப்பிட்டுவிட்டார், கால் மணி நேரம் கழித்துக் குத்திப் பார்த்தாலும் 4-க்கு மேல் நன்றாகவே நிற்கிறது, வீட்டில் விழித்திருந்து பார்க்க ஒருவர் இருக்கிறார், குத்திப் பார்க்கும் கருவியும் இருக்கிறது. இத்தனையும் சேர்ந்திருந்தால் வீட்டில் இருக்கலாம். ஒன்று குறைந்தாலும் நான் அனுப்பிவைப்பேன். மைலோ மட்டும் குடித்தால் போதாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இனிப்புப் பானம் சீக்கிரம் ஏறும், சீக்கிரம் இறங்கும். அதற்குப் பின்னால் மாவுச்சத்துள்ள சாப்பாடு போக வேண்டும்.

மூச்சுத் திணறல், வலிப்பு, விழுதல்

ஆஸ்துமாவுக்கும் இதே இரண்டு கடிகாரம்தான். முகமூடி வைத்துக் கொடுக்கும் ஆவியில் இருப்பது சால்பியுட்டமோல். சுருங்கிய மூச்சுக்குழாயை அது சில நிமிடங்களில் விரிக்கும், நான்கைந்து மணி நேரம் தாங்கும். ஆனால் குழாயின் உள்சுவரில் இருக்கும் வீக்கம் நாள்கணக்கில் நீடிக்கும். அதைத் தணிப்பது ஸ்டீராய்டு மாத்திரை, அது வேலை செய்யத் தொடங்கவே சில மணி நேரம் ஆகும். ஆகவே இரவு பதினொரு மணிக்கு ஆவி பிடித்து எழுந்தவர், அதிகாலை மூன்று நான்கு மணிக்கு மறுபடி திணறுவதில் வியப்பில்லை. ஆஸ்துமா இயல்பாகவே அதிகமாகும் நேரமும் அதுதான். ஒரே ஆவியில் முழுமையாகத் தெளிந்து, ஒரே மூச்சில் முழு வாக்கியம் பேசுகிறார், நேரமோ பகல், அன்றே கிளினிக்குக்குப் போய் ஸ்டீராய்டு வாங்க முடியும் என்றால் ஆம்புலன்ஸை அனுப்பிவிட்டுக் கிளினிக்குக்குப் போவது சரிதான். இரண்டு மூன்று ஆவி தேவைப்பட்டது, முன்பு எப்போதாவது ஐ.சி.யூ.வில் இருந்தவர், நேரம் இரவு என்றால் ஆம்புலன்ஸில்தான் போக வேண்டும். இறாலோ கடலையோ சாப்பிட்டு உடம்பெல்லாம் தடித்து மூச்சு அடைத்தவருக்கு அட்ரினலின் போட்டிருந்தால் விவாதிக்கவே வேண்டாம். அந்த ஊசி நிமிடக் கணக்கில்தான் நிற்கும். மறுபடி எதுவும் சாப்பிடாமலேயே சில மணி நேரம் கழித்து ஒவ்வாமை திரும்பி வரலாம்.

வலிப்பில் கணக்கு நேர் எதிராகத் திரும்புகிறது. பல ஆண்டுகளாகக் காக்காய் வலிப்பு உள்ளவர், மாத்திரை போடுபவர், வழக்கம்போல் ஓரிரு நிமிடம் வெட்டி நின்றுவிட்டது, கொஞ்சம் தூங்கி எழுந்து பழையபடி பேசுகிறார், அடிபடவில்லை என்றால் அவரை ஒவ்வொரு முறையும் அவசரப் பிரிவுக்கு இழுத்துப் போவதில் பெரிய பயன் இல்லை. வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் முன்கூட்டியே தேதி வாங்கினால் போதும். வீட்டில் விடுவதற்கு மிகப் பொருத்தமான நோயாளி இவர்தான், ஆனால் அக்கம்பக்கத்தார் பதற்றத்தில் அதிகம் ஏற்றி அனுப்பப்படுபவரும் இவரே. முதல்முறை வலிப்பு, ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்த வலிப்பு, தெளியாமலே அடுத்ததும் வந்தது, கர்ப்பிணி, தலையில் அடி என்றால் கதையே வேறு, போயே ஆக வேண்டும். காய்ச்சலில் முதல்முறையாக வலிப்பு வந்த குழந்தையையும் டாக்டர் பார்த்தே ஆக வேண்டும், காய்ச்சலின் காரணம் தெரிய வேண்டும்.

விழுந்த முதியவரைத் தூக்கி உட்கார வைத்து, காயத்துக்குக் கட்டுப் போட்டு, "போலாமா பாட்டி?" என்று கேட்கும்போது பாட்டி சொல்லப்போவது நமக்கே தெரியும். இங்கே மருந்து என்று எதுவும் கொடுக்கவில்லை, ஓடுவது ஒரே கடிகாரம்தான். வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமல் இருப்பதற்கான மருந்து போடுபவருக்குத் தலையில் அடிபட்டால், உள்ளே மெதுவாகக் கசியும் இரத்தம் பல மணி நேரம் கழித்துத்தான் தன்னைக் காட்டும். இருதய வால்வு மாற்றியவர்கள், இருதயத் துடிப்பு ஒழுங்கில்லாதவர்கள் பலர் இந்த மருந்தில் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஸ்கேன் எடுக்க வேண்டும். ஆம்புலன்ஸில் ஸ்கேன் இல்லை. 65 வயதைத் தாண்டியவருக்குத் தலையில் அடிபட்டால், அந்த மருந்து இல்லாவிட்டாலும் போவதுதான் நல்லது.

நெஞ்சுவலியும் முகம் கோணுதலும் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அங்கே ஒப்பிட எதுவுமில்லை. நாக்கின் அடியில் வைத்த மாத்திரையில் வலி போய்விட்டது என்பதால் அது இருதய வலி இல்லை என்று ஆகிவிடாது, இருதய வலிதான் என்றும் ஆகிவிடாது. முதல் ஈ.சி.ஜி. சரியாக இருந்தாலும், இருதயத் தசை பாதிக்கப்பட்டால் இரத்தத்தில் கூடும் ட்ரோபோனின் என்ற பொருளைப் பார்த்து, சில மணி நேரம் கழித்து மறுபடி பார்த்தால்தான் தெரியும். வாய் கோணி, கை தளர்ந்து, அரை மணி நேரத்தில் தானாகவே சரியாகிவிட்டவருக்கு அடுத்த இரண்டு நாளில் முழுப் பக்கவாதம் வரும் அபாயம் மிக அதிகம். இன்னும் சரியாகவில்லை என்றால் இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்துக்கு இருப்பது நாலரை மணி நேரம். "சரியாயிடுச்சே" என்ற சொல் இந்த இரண்டு நோய்களிலும் ஆளைக் கொன்றிருக்கிறது.

போவதில் உள்ள சிரமம்

போக மறுப்பவர்கள் சொல்லும் காரணங்களை நான் அலட்சியம் செய்யவில்லை. அவசரப் பிரிவில் காத்திருப்பது உண்மை. வருகிறவர்களை நிலைமைக்கேற்பச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிப்பார்கள். ஆம்புலன்ஸில் வந்ததால் முதலில் பார்ப்பார்கள் என்பதும் இல்லை, காரில் வந்ததால் கடைசியில் என்பதும் இல்லை. பச்சையில் விழுந்தால் மணிக்கணக்கில் உட்கார வேண்டும். பெரிய மருத்துவமனையில் காருக்கு இடம் கிடைக்காது. கூடப் போகிறவருக்கு மறுநாள் வேலை இருக்கும். ஞாபகம் தடுமாறும் முதியவர்களுக்கு இரவு விளக்கும் சத்தமும் புதிய இடமும் சேர்ந்து குழப்பத்தைக் கூட்டும்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சர்க்கரை இறங்கியவரையும் தலையில் அடிபட்டவரையும் பொறுத்தவரை அங்கே கிடைக்கும் முக்கியமான சிகிச்சையே காத்திருப்பதுதான். மணிக்கொரு முறை குத்திப் பார்க்க ஒருவர், மயங்கினால் ஓடிவர ஒருவர் என்று இருக்கும் இடத்தில் எட்டு மணி நேரம் இருப்பதே மருத்துவம். "ஒன்னுமே செய்யல, சும்மா படுக்க வெச்சாங்க" என்று வந்து சொல்கிறோம். சும்மா படுக்க வைத்ததற்குத்தான் போனோம்.

பணம் ஒரு காரணமாக இருக்கக் கூடாது. சுகாதார அமைச்சின் மருத்துவமனையில் குடிமக்களுக்கு வெளிநோயாளிக் கட்டணம் ஒரு வெள்ளி (ரிங்கிட்), நிபுணரைப் பார்க்க ஐந்து வெள்ளி. குடிமக்கள் அல்லாதவர்களுக்குக் கட்டணம் பல மடங்கு. தமிழ்நாட்டிலிருந்து வந்து உணவகத்திலும் கடையிலும் வேலை செய்யும் தம்பிகள் பலர் மயங்கி எழுந்ததும் "வேண்டாம்ணே, வேண்டாம்ணே" என்று கும்பிடுவது இதனால்தான். அவர்களுக்கு முதலாளி எடுத்துக் கொடுக்க வேண்டிய மருத்துவமனைக் காப்புறுதித் திட்டம் 2011-இலிருந்து இருக்கிறது, வேலையிடத்தில் அடிபட்டால் 2019-இலிருந்து சொக்சோ எனும் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் பாதுகாப்பும் உண்டு. பக்கத்தில் நிற்கும் முதலாளியோ மேலாளரோ அந்த நேரத்தில் வாய் திறந்து, "காப்புறுதி இருக்கு, நீ போ" என்று சொன்னால் போதும், அந்தத் தம்பி ஏறிவிடுவார்.

மூன்றாவது வழி, நம் காரில் போவது. காப்புறுதி அட்டை வைத்திருப்பவர்களுக்கு இது சுலபமாகத் தோன்றும், ஏனென்றால் 999 ஆம்புலன்ஸ் பொதுவாகப் பக்கத்திலுள்ள பொருத்தமான அரசாங்க மருத்துவமனைக்குத்தான் போகும். கை வெட்டுக்குத் தையல், கால் சுளுக்கு, மருந்து தீர்ந்துபோனது போன்றவற்றுக்குக் காரில் போகலாம். ஆனால் மயங்கி எழுந்தவர், மூச்சு அடைத்தவர், நெஞ்சுவலிக்காரர் ஆகியோரைக் காரில் ஏற்றுவதை நான் வன்மையாக எதிர்க்கிறேன். ஜாலான் ஈப்போ நெரிசலில் பின் இருக்கையில் அவர் மறுபடி சாய்ந்தால், ஓட்டுகிறவர் என்ன செய்வார்? பிராணவாயு இல்லை, ஊசி இல்லை, வழிவிட யாரும் இல்லை. வாசலில் நின்ற ஆம்புலன்ஸை அனுப்பிவிட்டுச் செய்யும் காரியம் அது. தனியார் மருத்துவமனைதான் வேண்டும் என்றால் அந்த மருத்துவமனையின் ஆம்புலன்ஸையே அழைக்கலாம், அல்லது முதலில் அரசாங்க அவசரப் பிரிவில் நிலைப்படுத்திவிட்டு மாற்றிக்கொள்ளலாம். எந்த யோசனையானாலும் வந்திருக்கும் எம்.ஏ.விடம் நேராகவே கேளுங்கள்: "கார்ல போனா பரவாயில்லையா தம்பி?" அவர் தயங்கினால் அதுவே பதில்.

இன்னொரு காரணத்தை யாரும் வெளியே சொல்வதில்லை. அடுக்குமாடியில் லிஃப்ட் கெட்டுக் கிடக்கும், இத்தனை மாடி தூக்கிக்கொண்டு இறங்க வேண்டுமே, அக்கம்பக்கம் எல்லாம் கதவைத் திறந்து பார்க்குமே என்ற கூச்சம். பெரியவர்களுக்கு இது பெரிய தடை. "அவங்க வேலையே அதுதான் மாமா, ஏறுங்க" என்று சொல்ல வீட்டில் ஒருவர் வேண்டும்.

கையெழுத்துப் போடுவதற்கு முன்

ஏ.ஓ.ஆர். தாள் என்பது, "ஆபத்து இருப்பதை எடுத்துச் சொன்னார்கள், தெரிந்தே மறுக்கிறேன்" என்று ஒப்புக்கொள்வது. தெளிவான புத்தியோடு இருக்கும் பெரியவர் ஒருவருக்கு மறுக்கும் உரிமை உண்டு, அதை மகனோ மருமகளோ பறிக்க முடியாது. அதேபோல் தெளிவில்லாதவர் போடும் கையெழுத்துக்குப் பொருளும் இல்லை. சர்க்கரை இறங்கி எழுந்தவர் முதல் சில நிமிடங்களில் தலையை ஆட்டுவார், "சரி சரி" என்பார், பிறகு கேட்டால் எதுவும் ஞாபகம் இருக்காது. அவரிடம், "என்ன நடந்துச்சு, போகலன்னா என்ன ஆகலாம்னு சொன்னாங்க?" என்று கேளுங்கள். தன் வார்த்தையில் திருப்பிச் சொல்ல முடிந்தால் முடிவு அவருடையது. முடியாவிட்டால் அவர் இன்னும் நோயாளிதான்.

கையெழுத்துப் போட்டதால் மறுபடி 999-க்கு அழைக்கும் உரிமை போய்விடாது. இதை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருந்தாலும் மறுபடி சொல்ல வேண்டியிருக்கிறது. "அப்பவே போகல, இப்ப எப்படிக் கூப்பிடறது" என்று வெட்கப்பட்டு அதிகாலையில் தாமதிப்பவர்கள் இருக்கிறார்கள். அழைக்கலாம், அழைக்க வேண்டும்.

தங்குவதென்று முடிவானால் எம்.ஏ. படியிறங்குவதற்கு முன் அவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: என்ன கொடுத்தீர்கள், எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள், எவ்வளவு நேரம் நிற்கும், எதைப் பார்த்தால் உடனே திரும்ப அழைக்க வேண்டும். பிறகு யார் விழித்திருப்பது என்று பெயர் சொல்லி முடிவு செய்யுங்கள். "எல்லோரும் பார்த்துக்குவோம்" என்றால் யாரும் பார்க்கப் போவதில்லை. சர்க்கரைக்காரர் என்றால் முதலில் மணிக்கொரு முறை, பிறகு இரண்டு மணிக்கொரு முறை எழுப்பிக் குத்திப் பார்க்க வேண்டும். குறட்டை விட்டுத் தூங்குகிறார் என்று விட்டுவிடக் கூடாது. எழுப்பினால் எழுகிறாரா, சரியாகப் பதில் சொல்கிறாரா என்பதையும் பார்க்க வேண்டும். அடுத்த வேளை மாத்திரையையோ இன்சுலினையோ போடுவதா, எவ்வளவு போடுவது என்று டாக்டரிடம் கேட்காமல் முடிவு செய்ய வேண்டாம். இளவயதிலேயே இன்சுலின் மட்டுமே நம்பியிருக்கும் வகை நோயாளி என்றால் அடியோடு நிறுத்துவதும் ஆபத்து.

மேலே சொன்ன எந்தக் கணக்கிலும் அடங்காதவர்கள் உண்டு. முற்றிய புற்றுநோயில், இனி வீட்டிலேயே இருக்கிறேன் என்று தெளிவாக முடிவெடுத்தவருக்கு இரவில் மூச்சு வாங்கினால், பயத்தில் குடும்பம் 999-க்குத்தான் அழைக்கிறது. அவரை விளக்கும் இரைச்சலுமான அறைக்குக் கொண்டுபோவது அவர் கேட்டதற்கு எதிரானது. கோலாலம்பூரும் அதைச் சுற்றியுள்ள ஊர்களும் அடங்கிய கிள்ளான் பள்ளத்தாக்கில் ஹோஸ்பிஸ் மலேசியா என்ற தொண்டு அமைப்பு 1991-இலிருந்து இப்படிப்பட்டவர்களை வீட்டுக்கே வந்து கட்டணமில்லாமல் கவனிக்கிறது. பினாங்கிலும் வீட்டுக்கு வரும் ஹோஸ்பிஸ் சேவை உண்டு. முன்கூட்டியே பதிந்துவைத்தால், மூச்சுத்திணறலுக்கும் வலிக்குமான மருந்து வீட்டிலேயே தயாராக இருக்கும், யாரை அழைப்பது என்பதும் தெரிந்திருக்கும். இவர்களுக்கு வீட்டில் தங்குவதுதான் சரியான முடிவு, அதை ஆம்புலன்ஸ்காரரிடம் தயங்காமல் சொல்லலாம்.

அப்புறம் தைப்பூசம். பத்துமலையில் 272 படி ஏறி இறங்கித் தள்ளாடி வருகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்குத் தேவை நிழல், தண்ணீர், உப்பும் சர்க்கரையும் கலந்த பானம், காலைத் தூக்கிவைத்துக் கொஞ்சம் படுத்திருப்பது. அரை மணி நேரத்தில் எழுந்து போய்விடுவார்கள், போகலாம். வெயில் என்ற காரணத்தின் கடிகாரம் நிழலுக்கு வந்ததும் நின்றுவிடுகிறது. உடம்பு நெருப்பாகக் கொதித்துப் பேச்சு குழறினால் மட்டும் அது வேறு. குளிர்ந்த தண்ணீரை உடம்பெல்லாம் ஊற்றிக்கொண்டே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். நான் கூடாரத்தில் உடனே விடாத இன்னொருவர், விரதம் இருந்துகொண்டு சர்க்கரை மாத்திரையையும் விடாமல் போட்டவர். 48 நாள் ஒருவேளைச் சாப்பாடு, மாத்திரை மட்டும் பழைய அளவு. பானம் குடித்ததும் தெம்பாகிவிடுவார், காவடி எடுக்கும் மகனைத் தேடிப் போக வேண்டும் என்பார். பையில் இருக்கும் மாத்திரையின் பெயரைப் பார்த்துவிட்டுத்தான் பேசுவேன்.

இவருக்கான முடிவை விரதம் தொடங்குவதற்கு முன்பே எடுத்திருக்க வேண்டும். கிளினிக்கில் அடுத்த தேதி வரும்வரை காத்திருக்காமல், மாலை போடும் முன் போய், "இத்தனை நாள் ஒருவேளைதான் சாப்பிடுவேன்" என்று சொன்னால் மாத்திரையின் அளவையும் நேரத்தையும் மாற்றித் தருவார்கள். நோன்பு மாதத்துக்கு முன் முஸ்லிம் நோயாளிகளுக்கு ஆண்டுதோறும் செய்வதுதான் அது. டாக்டருக்குப் புதிதல்ல. நம்மில்தான் கேட்பவர்கள் குறைவு. ஆம்புலன்ஸ் வந்து போன வீட்டாரும் மறுநாள் காலை அதே மாத்திரை அட்டையையும், இரவு முழுக்கக் குத்திப் பார்த்த எண்களையும் எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போக வேண்டும். மாமாவுக்கு மறுநாள் மாத்திரையை மாற்றிக் கொடுத்தார்கள். பழைய அட்டைகளை அத்தை மருந்தகத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டார்.